ஏஎம் எடுக்கவில்லையா, முதலில் வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டப் பக்கம் ஏஎம் ரேடியோ என்று பேச்செடுத்தாலே வருகிற பதில், "அதெல்லாம் இப்ப எங்க எடுக்குது, ஒரே இரைச்சல்" என்பதுதான். நாகர்கோவிலில் கேட்டாலும் மார்த்தாண்டத்தில் கேட்டாலும் இதையே சொல்கிறார்கள். ஆனால் இப்படிச் சொல்கிறவரின் அதே செட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தென்னந்தோப்புக்குள் கொஞ்ச தூரம் போய் வைத்தால், 1197 கிலோஹெர்ட்ஸில் வருகிற திருநெல்வேலி நிலையம் பட்டப்பகலில் நன்றாகவே கேட்கிறது. செட் கெட்டுப்போகவில்லை. மாறியிருப்பது வீடு. முன்பு ஒரு வீட்டில் நாலு குண்டு பல்பும் ஒரு ஃபேனும் இருந்தன. இன்று அதே வீட்டில் இருபது முப்பது எலக்ட்ரானிக் சாதனங்கள் பகலும் இரவும் ஓடுகின்றன, அவற்றில் பாதிக்கு மேல் மீடியம் வேவ் பேண்டுக்குள், அதாவது ஏஎம் நிலையங்கள் இருக்கிற அலைவரிசைக்குள், சத்தம் போடுகின்றன.

ரேடியோ எடுக்கவில்லை என்றதும் எல்லோரும் ஆன்டெனாவைப் பெரிதாக்கத்தான் நினைக்கிறார்கள். ஒரு கம்பியை ஜன்னலில் கட்டி இழுத்துவிட்டால் சரியாகும் என்று தோன்றும். கம்பி கட்டினால் ஸ்டேஷன் சத்தம் கூடும், ஆனால் வீட்டு வயரிங்கில் ஓடுகிற இரைச்சலையும் அதே கம்பி அதே அளவு அள்ளிக்கொண்டு வரும். நமக்கு வேண்டியது ஸ்டேஷனுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அந்த இடைவெளியைக் கூட்டச் செலவே இல்லாத வழி இரைச்சலைக் குறைப்பது, ஆன்டெனா எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை எனக்குச் சந்தேகமில்லாமல் காட்டியது ஓகி. 2017 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஒடிந்து விழுந்தன, பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போனில் டவர் கிடைக்கவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் தெரியாமல் குடும்பங்கள் கரையில் நின்றன. அந்த இருட்டில் எங்கள் வீட்டில் வேலை செய்த ஒரே கருவி இரண்டு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர்தான். பல வருஷமாகக் கொரகொரவென்று இருந்த பேண்டு அந்த ராத்திரிகளில் அப்படி ஒரு சுத்தமாக இருந்தது, டயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஸ்டேஷன்களின் குரல் மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்து, "மக்கா, இது புது செட்டா?" என்று கேட்டார். பழைய செட்தான். அப்புறம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த அதே நிமிஷத்தில் இரைச்சலும் திரும்பி வந்துவிட்டது.

இப்போது மொபைலில் ஆப் இருக்கிறதே, ஆகாசவாணியின் எல்லா நிலையங்களும் அதில் கேட்குமே என்பார்கள். கேட்கட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் டவர் படுத்துவிட்ட நாளில், கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்ட வள்ளத்தில், கோதையாறு மேலே சிக்னல் கிடைக்காத மலைச்சரிவில் அந்த ஆப் என்ன செய்யும்? நாகர்கோவில் எஃப்எம் 101 நமக்குப் பெருமையான நிலையம், 1984-இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலியாகத் தொடங்கியது. ஆனாலும் எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, மலை மறைத்தால் நின்றுவிடும். மீடியம் வேவ் அப்படியில்லை, 1197 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 250 மீட்டர், அது தரையைப் பற்றிக்கொண்டு மேட்டையும் சரிவையும் வளைந்து தாண்டும். அதனால்தான் ஏஎம்மை வீட்டில் ஒழுங்காகக் கேட்கிற நிலையில் வைத்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன், பொழுதுபோக்கு என்பது இரண்டாவது காரணம்.

சரி, வேலைக்கு வருவோம். ரேடியோவில் பேட்டரி போடுங்கள், அடாப்டரில் ஓட்டாதீர்கள், ஏனென்றால் பல வீடுகளில் அந்த அடாப்டரேதான் முதல் குற்றவாளி. பகல் பன்னிரண்டு ஒரு மணி வாக்கில், எந்த ஸ்டேஷனும் இல்லாத ஓர் இடத்தில் டயலை நிறுத்திச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ராத்திரியில் இந்தச் சோதனை வேண்டாம், தூரத்து நிலையங்கள் எல்லாம் வந்து குழப்பிவிடும். இப்போது வீட்டு மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கி முன்பைவிட அதிகமாக இரையும். இரண்டையும் அணைத்தபின் சத்தம் சட்டென்று அடங்கினால் நல்ல செய்தி, இரைச்சல் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது, உங்கள் கையால் சரிசெய்ய முடியும். பிறகு மெயினைப் போட்டு, எம்சிபிகளை, அதாவது மெயின் பெட்டியில் வரிசையாக இருக்கிற சின்னச் சுவிட்சுகளை, எல்லாம் அணைத்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் இரைகிறதோ அந்த அறைக்குள் போய் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

பெரும்பாலும் மாட்டுவது எல்இடி பல்புதான், அதுவும் ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைக்கிற பல்பு. அதற்குள் ஒரு சின்ன சர்க்யூட் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. உதாரணத்துக்கு 60 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் மடங்குகளான 540, 600, 660 என்று மீடியம் வேவ் முழுக்க இரைச்சல் மேடுகள் முளைக்கும். டயலைத் திருப்பும்போது ஒரே இடைவெளியில் கொர்ர், அப்புறம் அமைதி, மறுபடி கொர்ர் என்று வந்தால் அது இந்த வகைதான். நல்ல பல்புகளில் இந்தச் சத்தம் வயருக்குள் போகாமல் தடுக்க ஒரு காயிலும் கண்டென்சரும் வைத்திருப்பார்கள், விலையைக் குறைக்க முதலில் கழற்றி எறிவது அந்த இரண்டையும்தான். மொபைல் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் மோடத்தின் அடாப்டர் எல்லாம் இதே குடும்பம். போன் மாட்டாமல் சும்மா பிளக்கில் தொங்குகிற சார்ஜர்கூட இரையும்.

ஃபேன் ரெகுலேட்டர் வேறு ரகம். படிப்படியாகத் திருப்புகிற, உள்ளே கண்டென்சர் வைத்த ரெகுலேட்டர் அமைதியானது. படியில்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்புகிற டிம்மர் வகை ரெகுலேட்டர் மின்சார அலையின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் அதை வெட்டுவதால் விநாடிக்கு நூறு தடவை ஒரு சொடக்கு விழும், ரேடியோவில் அது கனத்த உறுமலாகக் கேட்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் உறுமல் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், ரெகுலேட்டரை மாற்றிவிடுங்கள், அந்தச் செலவுக்குக் கிடைக்கிற பலன் பெரிது. மிக்ஸி போடும்போது வருகிற கரகரப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது சட்னி அரைத்து முடிந்ததும் போய்விடும்.

இரைச்சல் வருகிற நேரமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். காலையில் வெயில் ஏறியதும் தொடங்கி அந்தி சாய்ந்ததும் நின்றுவிடுகிறதென்றால் யாரோ மாடியில் சோலார் வைத்திருக்கிறார்கள். இரவில் மட்டும் வருகிறதென்றால் தெருவிளக்கோ யாராவது வண்டிக்குச் சார்ஜ் போடுவதோ காரணமாக இருக்கலாம். நம் மாவட்டத்தில் டிசம்பரில் மட்டும் கூடுகிற ஓர் இரைச்சலும் உண்டு. வீட்டுக்கு வீடு ஸ்டாரும் குடிலும் சீரியல் லைட்டும் போடுகிற மாதம் அது. அதைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த மாதத்துத் தெருக்கள் பிடிக்கும். அந்த மாதம் மட்டும் ரேடியோவை வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மாற்ற முடியாத சாதனம் என்றால் ஃபெரைட் வளையம் போடலாம். பழைய மானிட்டர் வயரின் முனையில் உருண்டையாக ஒரு கட்டி இருக்குமே, அதேதான். திறந்து மூடுகிற மாதிரியும் கடையில் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி வயரில் சும்மா மாட்டிவிட்டால் மீடியம் வேவுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது. கொஞ்சம் பெரிய வளையமாக வாங்கி, அடாப்டர் வயரை அதற்குள் ஐந்து ஆறு சுற்றுச் சுற்ற வேண்டும், அதுவும் அடாப்டரின் பக்கத்திலேயே. தடுக்கும் திறன் சுற்றுகளின் வர்க்கத்தில் கூடும், அதாவது ஐந்து சுற்று என்றால் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு.

மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்தும் சத்தம் அடங்கவில்லை என்றால் அது வெளியிலிருந்து வருகிறது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. முட்டம், குளச்சல், மணக்குடி பக்கம் கடற்காற்றில் வருகிற உப்பு மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டரில் படிந்துகொண்டே போகும், அதன்மேல் ஈரம் ஏறும்போது சின்னச் சின்னதாக மின்சாரம் கசிந்து பொறிதட்டும். ரேடியோவில் அது படபடவென்று எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி கேட்கும். நல்ல மழை ஒன்று அடித்து உப்பைக் கழுவிவிட்டால் சில நாளைக்குப் பேண்டு சுத்தமாகிவிடும். இதில் நாம் கம்பத்தில் ஏறிச் செய்ய ஒன்றுமில்லை, கிட்டேகூடப் போகக் கூடாது. ரேடியோவைத் திருப்பி வைப்பதுதான் நம் கையில் இருக்கிற வழி.

இந்தத் திருப்பி வைப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்துக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

டிரான்சிஸ்டரின் பின்மூடியைக் கழற்றினால் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு ஃபெரைட் ராடு, அதன்மேல் மெல்லிய காயில் சுற்றியிருக்கும். ஏஎம்முக்கு ஆன்டெனா அதுதான், வெளியே இழுக்கிற குச்சி எஃப்எம்முக்கும் ஷார்ட் வேவுக்கும் மட்டும், அதை நீட்டி மடக்கி ஏஎம்மில் ஒரு பயனும் இல்லை. இந்த ராடு தன் பக்கவாட்டிலிருந்து வருகிற அலையை நன்றாகப் பிடிக்கும், தன் இரண்டு முனைகளும் காட்டுகிற திசையிலிருந்து வருவதைப் பிடிக்காது. பெரும்பாலான செட்டுகளில் ராடு செட்டின் நீளவாக்கில் படுத்திருக்கும், ஆக செட்டின் முகமோ முதுகோ ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும், செட்டின் இடது வலது ஓரங்கள் இரைச்சலைப் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம், பக்கவாட்டில் பிடிக்கிற திசை அகலமானது, முப்பது டிகிரி விலகினாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் முனைத் திசையில் ஒன்றும் பிடிக்காத அந்தப் பள்ளம் ரொம்பக் கூர்மையானது, கொஞ்சம் அசைந்தாலும் போய்விடும். அதனால் ஸ்டேஷன் எங்கே கூடுகிறது என்று தேடுவதைவிட இரைச்சல் எங்கே மறைகிறது என்று தேடித் திருப்புவதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது நம் ஊர் நிலவரம். நாகர்கோவிலில் நின்றால் திருவனந்தபுரம் வடமேற்கே, நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அது 1161-இல் வருகிறது. திருநெல்வேலி வடக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே சாய்ந்து, அதுவும் ஏறக்குறைய அதே தூரம், 1197-இல். இரண்டும் டயலில் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் 36 கிலோஹெர்ட்ஸ்தான். மலிவான செட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், தமிழ்ச் செய்திக்கு அடியில் மலையாளம் முணுமுணுக்கும். ஆனால் திசையில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு செங்கோணம். அதாவது செட்டின் ஓரத்தைத் திருவனந்தபுரத்துக்குக் காட்டி வைத்தால் அந்த ஸ்டேஷன் பள்ளத்தில் விழும், அதே நிலையில் செட்டின் முகம் தானாகத் திருநெல்வேலியைப் பார்த்து நிற்கும். மலையாளம் கேட்க வேண்டுமா, செட்டைக் கால் சுற்றுத் திருப்புங்கள், அவ்வளவுதான். மார்த்தாண்டத்திலும் கன்னியாகுமரியிலும் கோணம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், பலன் மாறாது. தூத்துக்குடி 1053-க்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிற திக்கைப் பார்த்து வைத்தால் போதும், 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், அது எடுக்காத வீட்டில் இரைச்சல்தான் பிரச்சினை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்களுக்கு முதல் ரேடியோ அனுபவமே திருவனந்தபுரம்தான். அந்த நிலையம் 1943-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நிலையமாகத் தொடங்கி 1950-இல் ஆல் இந்தியா ரேடியோவிடம் வந்தது, நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1, திருநெல்வேலி நிலையம் வந்ததோ 1963-இல்தான். அதனால் இந்த இரண்டு குரலும் வேண்டும் என்கிற வீடுகள் இங்கே நிறைய, செட்டைத் திருப்பி வைக்கிற இந்த வித்தை வேறெந்த மாவட்டத்தையும்விட நமக்குத்தான் அதிகம் பயன்படும்.

செட்டை எங்கே வைக்கிறோம் என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீட்டில் மரமும் ஓடும்தான், அலை தடையில்லாமல் உள்ளே வரும். கான்கிரீட் வீட்டில் மேலும் கீழும் கம்பி வலை, சுவரிலும் தூணிலும் கம்பி, நடு ஹாலில் வைத்தால் ஸ்டேஷன் பாதியாகிவிடும். ஜன்னலோரம் வையுங்கள், ஸ்டேஷன் இருக்கிற பக்கத்து ஜன்னலாக இருந்தால் நல்லது, மாடி இருந்தால் இன்னும் நல்லது. ஃபிரிட்ஜின் தலைமேல், இரும்பு பீரோமேல், டிவிக்குப் பக்கத்தில் வேண்டாம். நம் வீடுகளில் ரேடியோ இருப்பதே ஃபிரிட்ஜின் மேல்தான் என்பது தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். சுவருக்குள் வயரிங் ஓடுகிற இடத்திலிருந்து நாலு அடி தள்ளினாலே இரைச்சல் எவ்வளவு குறைகிறது என்று கையில் செட்டை வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தூரத்து ஸ்டேஷன் வேண்டும் என்றால் லூப் ஆன்டெனா செய்யலாம். கடையில் வாங்க வேண்டியதில்லை. இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்கே சிலுவை மாதிரி ஆணியடித்து, பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் வருகிற சதுரமாக, சாதாரண ஒற்றை வயரைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் நல்லது, சட்டத்தின் முனையில் சின்ன வெட்டுகள் போட்டுக்கொண்டால் வயர் நழுவாது. வயரின் இரண்டு முனைகளையும் ஒரு கேங் கண்டென்சரில், அதாவது ரேடியோவில் ஸ்டேஷன் தேடத் திருப்புகிற பாகத்தில், பற்ற வையுங்கள். பழைய வால்வு ரேடியோவில் இருக்கிற உலோகத் தகடு கேங் ஒன்றில் ஒரு பகுதி சுமார் 500 பிக்கோஃபாரட் வரும், இந்தச் சுற்றுக்கு அது 550 கிலோஹெர்ட்ஸ் வாக்கிலிருந்து பேண்டின் மேல் முனை வரைக்கும் பிடிக்கும். டிரான்சிஸ்டரில் இருந்து எடுத்த பிளாஸ்டிக் கேங் என்றால் மதிப்பு குறைவு, அதன் இரண்டு பகுதிகளையும் சேர்த்து இணைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் கீழ் முனை எட்டவில்லை என்றால் எட்டுகிற வரைக்கும் சுற்றுகளைக் கூட்டுங்கள். ரேடியோ மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் மிச்சம் இருந்தால் பழைய கேங் நிச்சயம் அவர் டப்பாவில் இருக்கும், கேட்டால் சந்தோஷமாக எடுத்துத் தருவார்.

இதற்குக் கரண்டும் வேண்டாம், ரேடியோவோடு வயர் இணைப்பும் வேண்டாம். லூப்பை நிறுத்தி வைத்து, ரேடியோவை அதன் பக்கத்தில், உள்ளே இருக்கிற ராடு லூப்பின் சதுரத்துக்குக் குறுக்காகத் துளைத்துப் போகிற மாதிரி வையுங்கள். லூப்பின் விளிம்பு ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். ரேடியோவில் ஸ்டேஷனைப் பிடித்துவிட்டுக் கேங்கை மெல்லத் திருப்பினால் ஓர் இடத்தில் ஸ்டேஷன் எழும்பி வரும், அந்த இடம் குறுகலானது, அவசரப்பட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். முதல் தடவை அப்படி எழும்பும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, நாம் சுற்றிய ஏறக்குறைய முப்பது மீட்டர் வயரும் ஒரு பழைய கேங்கும் இதைச் செய்கிறது என்பதே பெரிய விஷயம். பத்து வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யுங்கள், பாடப் புத்தகத்தில் அலைவரிசை என்று படித்தது கையில் வந்து நிற்கும்.

லூப்பை வைத்துக்கொண்டு கடற்கரையில் கேட்டவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள கடல் எவ்வளவு பெரிய வரம் என்று. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவது காய்ந்த தரையைவிட ஆயிரம் மடங்கு வாக்கில் அதிகம், அதனால் மீடியம் வேவ் கடல்மேல் தேயாமல் வெகுதூரம் போகும். கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு சுமார் 280 கிலோமீட்டர், திருச்சி 320-க்கும் மேல். திருச்சியைவிடக் கொழும்பு நமக்குப் பக்கம், அதுவும் பெரும்பகுதி தண்ணீர் வழி. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் தென்மாவட்டங்களில் வீட்டு ஆட்கள் மாதிரி கொண்டாடியதற்கு அவர்களின் குரல் ஒரு காரணம் என்றால் இந்த உப்புத் தண்ணீர் இன்னொரு காரணம். வள்ளத்தில் போகிறவர்கள் கரையில் எடுப்பதைவிடக் கடலில் நன்றாக எடுக்கிறது என்று சொல்வதும் உண்மைதான், அங்கே அலையும் தேயாது, எல்இடி பல்பும் கிடையாது.

இருட்டிய பிறகு கதை வேறு. பகலில் வானத்தின் ஓர் அடுக்கு மீடியம் வேவை உறிஞ்சிக்கொள்ளும், சூரியன் போனதும் அந்த அடுக்கு கரைந்து, அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டு அலை திரும்பி வரும். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னை 720 இங்கே வருவது அப்படித்தான், ஏறி இறங்கி ஏறி இறங்கி. அந்த ஏற்ற இறக்கம் உங்கள் செட்டின் கோளாறு அல்ல, அதை எந்த ஆன்டெனாவாலும் முழுதாக நிறுத்த முடியாது. டயலில் சில இடங்களில் காற்று ஊதுகிற மாதிரி ஒரே சீராக இஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டால் அதுவும் கோளாறு அல்ல, டிஆர்எம் என்கிற டிஜிட்டல் ஒலிபரப்பு அது, சாதாரண செட்டுக்கு அப்படித்தான் கேட்கும்.

புதிதாக டிஜிட்டல் டயல் செட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் ஏஎம் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, 531, 540, 549 என்று. அமெரிக்காவில் 10. இறக்குமதிச் செட் சில 10-இல் அமைத்தபடியே வரும், அப்போது தூத்துக்குடி 1053-க்குப் பதில் 1050-இலும், திருநெல்வேலி 1197-க்குப் பதில் 1200-இலும் நின்று குரல் நசுங்கிக் கேட்கும். ஸ்டேஷன் சரியில்லை என்று நினைத்து ஓரம் கட்டிவிடுவார்கள். செட்டிங்கில் 9-க்கு மாற்றினால் தீர்ந்தது.

பழைய செட்டென்றால் உப்புக்காற்றைப் பாருங்கள். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பிடித்திருக்கும், பேண்டு சுவிட்சின் உள்ளே கறுத்திருக்கும். திருப்பும்போது மட்டும் கரகர என்று வந்தால் அது வால்யூம் கன்ட்ரோல், வானத்து இரைச்சல் அல்ல. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி இரண்டு சொட்டு விட்டு நாலு தடவை முன்னும் பின்னும் திருப்பினால் போதும்.

வெளியே கம்பி இழுக்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஏரியல், எர்த் என்று இரண்டு ஓட்டை உள்ள பழைய வால்வு செட்டுக்கு அது அவசியம்தான். டிரான்சிஸ்டருக்கு என்றால் கம்பியின் நுனியைச் செட்டின்மேல் ராடு இருக்கிற பக்கமாக நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டாலே போதும், மறுநுனியைப் பிளக்கிலோ சுவிட்ச் போர்டிலோ எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. கம்பியை வீட்டு வயரிங்கிலிருந்து எட்ட, தோப்புப் பக்கமாகக் கொண்டு போங்கள். மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ அது விழுந்தால் எட்டுகிற தூரத்திலோ இழுக்காதீர்கள், தென்னையில் கட்டினால் காற்றுக்கு மரம் ஆடும்போது அறுந்து எங்கே விழும் என்று பார்த்துக் கட்டுங்கள். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஐப்பசியில் மத்தியானம் கழிந்தால் பெரும்பாலும் இடிதான். தூரத்து மின்னல் ஏஎம்மில் படார் படார் என்று முதலிலேயே கேட்டுவிடும், வானம் கறுப்பதற்கு முன்பே. அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கினால் கம்பியைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு, செட்டைப் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.